கடற்கரை கூறும் சான்று



சில திங்களுக்கு முன்னர்க் கல்லூரி மாணவர் ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். கையில் ஒரு குறிப்பேடு, முகத்தில் ஆவல். "ஐயா, மாமல்லபுரத்துக் கற்கோயில்களைச் சமைத்தவன் மயன் என்கின்றார்கள். அமெரிக்கக் கண்டத்தின் நடுவே பெருநகரங்கள் கண்ட மாயா மக்களும் அவன் வழியினரே என்று சிலர் கூறுகின்றார்கள். அம்மக்கள் நம் கடற்கரையிலிருந்து கலமேறிச் சென்றவர்களா?" என்று வினவினார்.

'ஆம்' என்றால் அவர் மகிழ்ந்திருப்பார். 'இல்லை' என்றால் சோர்ந்திருப்பார். ஆனால் இரண்டையும் என் வாய்ச்சொல்லால் அவர் ஏற்றுக்கொள்வதில் பயன் என்ன? வரலாறு ஆசிரியர் சொல்லி முடிவதன்று. சான்று சொல்லி முடிவது. ஆகவே, "கடற்கரையையே கேட்போம், வாருங்கள்" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடலூரில் தொடங்கி, புதுச்சேரி வழியாக மரக்காணம் வரை பேருந்தில் பயணம் செய்தோம். வழியிலுள்ள துறைகளில் எல்லாம் இறங்கி நடந்தோம். அப்பயணத்திற்கு இன்று உங்களையும் அழைக்கின்றேன்.

முதலில் கடலூர். பழைய பட்டினத்துத் துறையிலே நாங்கள் இறங்கியபோது பொழுது நன்கு புலரவில்லை. இரவெல்லாம் கடலில் இருந்த விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிமுகத்தினுள் நுழைந்துகொண்டிருந்தன. கரையிலே ஏலம். வஞ்சிரமும் சங்கராவும் கூடை கூடையாக இறங்க, பெண்கள் விலை கூறிக் கொண்டிருந்தனர். மீன்பிடித் துறையின் வாணிகத்தில் பாதி பெண்களின் கையில் என்பதை அங்கே ஒரு மணி நேரம் நின்றால் உணரலாம்.

அங்கிருந்து வடக்கே தேவனாம்பட்டினம். கெடிலம் கடலோடு கலக்குமிடத்திற்கு அருகே புனித தாவீது கோட்டை இருந்தது. 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இதனை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து பீரங்கியை நாற்புறமும் சுட்டு, குண்டு சென்று விழுந்த எல்லை வரையுள்ள ஊர்கள் எல்லாம் தம்முடையன என்று கொள்வது விற்பனையின் நிபந்தனை! அவ்வாறு அடங்கிய ஊர்கள் 'குண்டுக் கிராமங்கள்' எனப்பட்டன. கடலூரில் குண்டுசாலை என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக விளங்கியது இக்கோட்டையே. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதனைப் பிடித்துத் தகர்த்தான். பீரங்கியால் எல்லை வகுத்த கோட்டை இன்று இடிபாடு. அதனருகே வலை உலர்த்தும் குப்பமோ இன்றும் வாழ்கின்றது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மேலும் இரண்டு இடங்களில் இது நம் கண்ணில் படும்.

கடலூரை விட்டு வடக்கே வந்தால், புதுச்சேரி நகருக்குத் தெற்கே 4 கிலோமீட்டர் அளவில் அரிக்கமேடு. அரியாங்குப்பத்து ஆறு கடலை நோக்கி வளைந்து செல்லும் இடத்தில், தென்னை மரங்களிடையே ஓர் உயர்ந்த மேடு. அங்கே நிற்கும் இரண்டு பழைய தூண்களைக் கண்டு, யவனர் மாளிகையின் எச்சம் என்று எண்ணுவோர் பலர். அவை 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கிறித்தவக் குருமார் அமைத்த பயிற்சி மடத்தின் எச்சங்களே. பழையன யாவும் ஒரே காலத்தன அல்ல. இது வரலாற்று மாணவன் கற்க வேண்டிய முதற்பாடம்.

இம்மேட்டின் பழமையை முதலில் எழுதி வைத்தவர் ஒரு வானியலார். வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்து செல்லும் காட்சியை அளப்பதற்காக 1760-இல் பிரான்சிலிருந்து புறப்பட்டவர் லெ ஜான்தி. 1761-இல் அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது, ஆடும் கப்பலின் மீதிருந்து அவர் அக்காட்சியைக் கண்டார், அளக்க முடியவில்லை. எட்டாண்டு காத்திருந்து, 1769-இல் புதுச்சேரியிலேயே கருவிகளோடு ஆயத்தமாக இருந்தார். அன்று காலை மேகம் மறைத்துவிட்டது! வானம் அவரை ஏமாற்றியது, மண் ஏமாற்றவில்லை. அரிக்கமேட்டில் ஊர்மக்கள் பெரிய பெரிய பழஞ்செங்கற்களைத் தோண்டி எடுத்துச் செல்வதை அவர் கண்டு தம் நூலில் எழுதி வைத்தார்.

அதன்பின் நெடுநாள் யாரும் கருதினாரில்லை. 1930-களில் புதுச்சேரிக் கல்லூரிப் பேராசிரியர் ழூவோ துப்ராய், சிறுவர்கள் மேட்டிலே பொறுக்கி வந்த மணிகளை விலை கொடுத்து வாங்கினார். அவற்றுள் உருவம் செதுக்கிய கல் ஒன்றில் உரோமப் பேரரசன் அகஸ்டஸின் முகத்தை அவர் கண்டதாகக் கூறினார். 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் இரு கைப்பிடிகள் கொண்ட மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடி ஒன்றின் உடைந்த பகுதியைக் கண்டார். அது அரிக்கமேட்டில் கிடைத்ததென அறிந்து, 1945-இல் அங்கே அகழ்ந்தார். இத்தாலி நாட்டு மினுமினுப்பான செம்மட்கலங்கள் கிடைத்தன. அவற்றின் காலம் ஏறத்தாழ அறியப்பட்டது ஆதலின், அவற்றோடு அதே மண்ணடுக்கில் கிடைத்த நம் நாட்டுப் பொருள்களின் காலத்தையும் கணிக்க முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு நாட்காட்டி கிடைத்தது என்றே சொல்லலாம். அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை கசால் என்னும் பிரெஞ்சு அறிஞர் அகழ்ந்தார்.

இவ்விடத்தில் என் பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நான் வகுப்பாசிரியனாக இருந்தபோது, மாணவர்களை அம்மேட்டிற்கு அழைத்துச் சென்றேன். "இஃது உரோமர் நிறுவிய வாணிகத் தலம்" என்று உரத்த குரலில் பாடம் சொன்னேன். அப்படித்தான் நான் படித்திருந்தேன். கடைசியில் நின்ற மாணவன் ஒருவன், மீனவக் குப்பத்திலிருந்து வருபவன், கையை உயர்த்தினான். "ஐயா, அவர்கள் கப்பல் கரைக்கு வந்திருக்காது. அலை உடைத்துவிடும். வெளியேதான் நின்றிருக்கும். அப்படியானால் அவர்களைக் கரை சேர்த்தவர்கள் யார்?" என்றான். என்னிடம் விடை இல்லை. "உட்கார்" என்று சொல்லிவிட்டு மேலே பேசினேன். அந்தச் சொல்லுக்காக இன்றும் வருந்துகின்றேன்.

விடை பின்னாளில் கிடைத்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்னும் அறிஞர் அங்கே மீண்டும் அகழ்ந்து, பழைய முடிவுகளைச் சோதித்தார். உரோம வாணிகம் தோன்றுவதற்கு முன்னரே அங்கே ஊர் இருந்தது. அவ்வாணிகம் குன்றிய பின்னரும் மக்கள் வாழ்ந்தனர் என்பது தெளிவாயிற்று. உட்புறத்தில் சிறு புள்ளிக்கோடுகளை வட்டமாக அழுத்திச் செய்த மெல்லிய மட்தட்டுகளை, மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்தவை என்று வீலர் கருதியிருந்தார். அவை இந்திய மண்ணில் வனைந்தவை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. அதே வகைத் தட்டுகள் பாலித் தீவு வரை கிடைத்துள்ளன. கண்ணாடி மணி செய்தவரும், பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்தால் பெயர் பொறித்தவரும் இம்மண்ணின் மக்கள். கிரேக்க மாலுமி ஒருவரின் கடல்வழிக் குறிப்பேடு 'பொதுகே' என்னும் துறையைக் குறிக்கின்றது. அஃது இப்பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து. யவனர் வந்தது உண்மை. ஆனால் வந்த இடம் வெற்றிடம் அன்று.

மேட்டிற்குக் கிழக்கே வீராம்பட்டினம். செங்கழுநீரம்மன் தேர்த்திருவிழா ஆடித் திங்களில் நிகழும் ஊர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் தாமே வந்து இத்தேரின் வடம் பிடிப்பது வழக்கம். ஆட்சி மாறிய பின்னரும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கும் வழக்கம் தொடர்ந்தது. கடலை ஆள விரும்பியவர் கடலோடிகளின் தேரை இழுத்தே ஆகவேண்டும் என்பதை அரசினர் அறிந்திருந்தனர் போலும்!

ஏன்? அதற்கு விடையைப் புதுச்சேரி நகரின் கரையில் காணலாம். புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சுக் குடியிருப்பை நிலைநாட்டிய நாள் முதலாகக் கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டன. கரையோரத்துப் பேரலையை ஐரோப்பியரின் ஆணியடித்த படகுகள் தாங்கமாட்டா. நம் மக்களின் சலங்குகளோ, பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டவை. அலை அறைந்தால் நெளிந்து கொடுக்கும், பிளவுபடா. ஆளுநரும், படைவீரரும், துணிப்பொதியும், வெள்ளிப் பெட்டியும் ஆகிய யாவும் அச்சலங்குகளில்தான் கரையேறின. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வந்த செய்தியும் போன செய்தியும் நிறைந்திருக்கும். அக்கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே இருந்தவர்கள் பெயரற்ற படகோட்டிகள். என் மாணவன் கேட்ட வினாவிற்கு விடை அவர்களே.

இனி மாயா மக்களைப் பற்றிய வினாவிற்கு வருவோம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் அமர்ந்து என்னுடன் வந்த இளைஞரிடம் நான் கூறியது இது.

மயன் என்பவன் நம் புராணங்களும் இலக்கியங்களும் போற்றும் தெய்வத்தச்சன். மாயா என்பது மெக்சிகோ, குவாதமாலா முதலிய நாடுகளில் வாழும் மக்களினங்களுக்கு வழங்கும் பெயர். இரண்டு சொற்களின் ஒலி ஒத்திருக்கின்றது, அவ்வளவே. ஒலி ஒத்தால் உறவாகுமாயின், உலகில் எவரும் எவருக்கும் உறவாவர். யவனர் இங்கு வந்தனர் என்பதற்கு மட்கலம் உண்டு, காசு உண்டு, நூற்குறிப்பு உண்டு. தமிழர் மாயா நாடு சென்றனர் என்பதற்கு அங்கே நம் பானையோடு உண்டா? மணி உண்டா? எழுத்து உண்டா? அகழ்ந்தவர் கண்டாரில்லை.

ஆயினும் மாயா மக்களிடம் நாம் கற்கத்தக்க பாடம் ஒன்றுண்டு. அவர்களும் கடலோடிகள். யூகதான் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் துலூம் என்னும் மதில் சூழ்ந்த நகரம், 13-ஆம் நூற்றாண்டு முதல் வாணிகத் துறையாகச் சிறந்திருந்தது. 1502-இல் கொலம்பஸ் தம் நான்காம் பயணத்தின்போது, ஹோண்டுராசுக்கு அப்பாலுள்ள தீவொன்றின் அருகே பெரிய வாணிகத் தோணி ஒன்றைக் கண்டார். அதில் பருத்தியாடையும், செம்புப் பொருள்களும், கொக்கோ விதையும் நிறைந்திருந்தன. அத்தோணி மாயா வாணிகத்தைச் சேர்ந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. வடக்கு யூகதான் கழிகளில் விளைந்த உப்பும் அவர்களுடைய பெருஞ்செல்வம். அவர்களை 'மறைந்துபோன மக்கள்' என்று கதை கட்டுவோர் பலர். மறைந்தவை அரசர்களின் நகரங்கள், மக்கள் மறையவில்லை. மாயா மொழிகளைப் பேசுவோர் இன்றும் பல இலட்சம் பேர். அரிக்கமேட்டை உரோமருக்குக் கொடுத்துவிட்டு, அலையில் நின்ற மக்களை மறந்த நாமும் அதே பிழையைத்தான் செய்தோம்.

"அப்படியானால் நமக்கும் அக்கடலுக்கும் தொடர்பே இல்லையா?" என்று இளைஞர் கேட்டார். உண்டு. துலூமின் கரையைத் தழுவும் அதே கரீபியக் கடலின் கிழக்கு விளிம்பில் மார்த்தினிக், குவாதலூப் என்னும் தீவுகள் உள்ளன. 1848-இல் பிரெஞ்சு நாடு அடிமைமுறையை ஒழித்த பின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853-இல் மார்த்தினிக்கிலும், 1854-இல் குவாதலூப்பிலும் இந்தியக் கூலியாட்களைச் சுமந்த முதற்கப்பல்கள் சென்று சேர்ந்தன. புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர் ஆயிரக்கணக்கில் ஒப்பந்தக் கூலிகளாய் அத்தீவுகளுக்குச் சென்றனர். அவர்களைக் கரையிலிருந்து கப்பலுக்கு ஏற்றியவையும் படகுகளே. அவர்களின் பெயர்ப் பதிவுகள் உள்ளன. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். மாரியம்மன் வழிபாடும் அங்கே வேரூன்றியுள்ளது.

நண்பர்களே, எண்ணிப் பாருங்கள். தெய்வத்தச்சன் கடல் கடந்தான் என்னும் கதை கேட்கப் பெருமையாக இருக்கின்றது, அதற்குச் சான்றில்லை. ஏழைகள் கூலிகளாய்க் கடல் கடந்தார்கள் என்பது கேட்கத் துயரமாக இருக்கின்றது. அதற்குச் சான்று உண்டு. முன்னதை மேடையில் முழங்குகின்றோம், பின்னதை மறந்துவிடுகின்றோம். இளைஞர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர்த் தம் குறிப்பேட்டைத் திறந்து 1853, 1854 என்னும் இரண்டு ஆண்டுகளையும் எழுதிக்கொண்டார்.

கடற்கரைச் சாலையின் ஓரமெங்கும் கருங்கற்கள் குவிந்து கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். அதற்கும் ஒரு வரலாறுண்டு. அலையை வெல்லக் கடலினுள் நீட்டிய பழைய பாலம் 1952-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. 1962-இல் கட்டிய புதிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022-இல் இடிந்து வீழ்ந்தது. இதனிடையே, 1980-களின் இறுதியில், நகருக்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றின் முகத்தில் துறைமுகத்திற்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. தேங்காய்த்திட்டுத் துறையில் விசைப்படகுகள் பாதுகாப்பாக நிற்கின்றன, அது நன்மையே. ஆனால் நம் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதன்று. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வரும் அலைகள் மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக் காற்றில் சிறிது தெற்கே திரும்புகின்றது. வடக்கே செல்லும் மணலே மிகுதி. அதனைச் சுவர் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கரை அரிக்கப்பட்டது. நகரைக் காக்கக் கல் கொட்டினர். வடபுறக் குப்பங்களில் கட்டுமரம் ஏற்றிவைக்க மணற்கரை இல்லாது போயிற்று. 2018-இல் கடலடியில் ஓர் எஃகுத் தடுப்பை அமைத்த பின்னர், தலைமைச் செயலகத்தருகே மணல் ஓரளவு மீண்டது.

மணலின் இந்தப் போக்கைக் கணிதத்தால் அறிவதற்குப் பொறியியலார் வேண்டும். ஆனால் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குக் காற்று பெயரிட்டு, எக்காற்றில் நீரோட்டம் எப்பக்கம் இழுக்கும், எத்திங்களில் கழிமுகம் தூரும் என்று எழுதாக் கல்வியாகப் போற்றி வந்தவர்கள் குப்பத்து முதியோர். அவர்கள் சொல்லும் ஒரு வரலாற்றுச் சான்றே. அதனைக் கேட்க மறந்தால் இழப்பு நமக்குத்தான்.

பொழுது சாயும் வேளையில் மரக்காணத்தை அடைந்தோம். சாலையின் இருமருங்கும் உப்பளங்கள். வெண்குவியல்கள் மாலை வெயிலில் சிவந்திருந்தன. சங்க இலக்கியப் பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. நல்லூர் நத்தத்தனார் பாடிய அந்நூல், ஓய்மாநாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணனுக்கு வழி கூறுவது. நாம் செய்தது போன்ற ஒரு கடற்கரைப் பயணமே அதன் தொடக்கம்! அப்பாணனை எயிற்பட்டினத்தில் முதலில் வரவேற்பவர் யார் தெரியுமா? அரசனும் அல்லன், யவனனும் அல்லன், பரதவர் குடியினர். அலைகள் கரையில் ஒதுக்கிய மணமுள்ள மரங்கள், ஒட்டகங்கள் படுத்துறங்குவன போலக் கிடக்கின்றன என்கிறார் புலவர். அவற்றை விறகாகக் கொண்டு நுளைமகள் காய்ச்சிய தேறலையும், சுட்ட மீனையும் பரதவர் பாணருக்கு அளித்து உண்பிக்கின்றனர். நம் புலவர் கரையை யாருடையது என்று பார்த்தார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அரிக்கமேடு இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. எனினும் ஆறு மேட்டின் ஓரத்தை மழைதோறும் அரித்துக்கொண்டே இருக்கின்றது. கரைந்து விழும் ஒவ்வொரு மண்கட்டியோடும் சான்று ஒன்று ஆற்றில் போகின்றது. குப்பத்தில் மறையும் ஒவ்வொரு முதியவரோடும் அவ்வாறே போகின்றது. ஆகவே உங்களிடம் மூன்று செயல்களை வேண்டுகின்றேன்.

மேட்டிற்குச் சென்றால் ஓடு பொறுக்காதீர்கள். கிடந்த இடத்தை விட்டு அகன்ற ஓடு வாய் பேசாது. உங்கள் வகுப்பிலே கடலோரத்து மாணவர் இருப்பின், அவர் வீட்டு முதியோரிடம் காற்றின் பெயர்களையும் நீரோட்டத்தின் பெயர்களையும் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மூன்றாவதாக, எவரேனும் ஒரு பெருமையைக் கூறினால், பணிவோடு, "சான்று என்ன?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்கும் மாணவனை எந்த ஆசிரியரும் "உட்கார்" என்று சொல்லாதிருப்பாராக.